எல்லோருக்கும் 500 மதிப்பெண்ணா?

முப்பது வருஷத்துக்கு மேல் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். பணிமூப்புப் பட்டியல் இல்லாத பிரிவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தமாகப் பேசுகிறவர் தலைமை எழுத்தராகி விடுவார். என் லினக்ஸ் கணினியில் போன மாதம் நடந்ததும் அதுதான்.

நான் வைத்திருப்பது டெபியன். அதில் மென்பொருள்கள் களஞ்சியத்திலிருந்து வரும்; பிரெஞ்சில் 'தெப்போ' என்போம். படம் பார்க்கும் ஒரு செயலிக்காக, யாரோ சொன்ன வெளிக் களஞ்சியத்தின் முகவரியைச் சேர்த்தேன். மறுநாள் அப்கிரேடு கொடுத்தால், நான் கேட்காத லைப்ரரிகளும் அங்கிருந்து வந்து உட்கார்ந்துகொண்டன. பழைய வீடியோக்கள் ஓடவில்லை.

காரணம் இது. ஆப்ட் என்ற நிரல் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் தருகிறது. டெபியனின் சொந்தக் களஞ்சியத்துக்கும் 500, நேற்று வந்த வெளியாளுக்கும் 500. எண் சமமானால் பதிப்பு எண் பெரியது ஜெயிக்கும். பதிப்பு எண்ணைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள யாருக்கும் தடை இல்லையே!

'புதுசுதானே தாத்தா நல்லது' என்கிறார்கள் பிள்ளைகள். ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'பிரியொரித்தே அ துருவாத்' தெரியும்: பிரான்சில் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிட வேண்டும். அவருடைய வண்டி புதியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வெளிக் களஞ்சியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்த்த கையோடு, ஆப்டின் பிரிஃபரன்சஸ் கோப்பில் மூன்று வரி எழுதி அதற்கு 100 கொடுங்கள். டெபியனில் இல்லாத மென்பொருள் அங்கிருந்து வரும், அதன் புதுப்பிப்பும் வரும். டெபியனில் இருப்பதில் அது கை வைக்காது. 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று அடித்தால் யாருக்கு என்ன எண் என்று தெரிந்துவிடும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முகவரியை நீக்கினாலும் வந்த தொகுப்பு போகாது. எண் 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஆப்ட் தானாகப் பழைய பதிப்புக்கு இறங்கும். டெபியனுக்குத் தற்காலிகமாக 1001 கொடுத்துத்தான் நான் மீண்டேன். எனக்குப் பலித்தது, எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முகவரியைச் சேர்க்கச் சொல்லித் தருகிறவர்கள் அந்த மூன்று வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? பாதி உத்தரவை அனுப்பிய எழுத்தருக்கு எங்கள் காலத்தில் மெமோ கிடைக்கும்.