தலையெழுத்துக்கு முன் தலை

பிளவக்கல் அணைக்குக் கீழே வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம் வரை, ஒரு பிள்ளை மண்டை மூடாமல் பிறந்து செத்துவிட்டால் ஜனங்கள் சொல்லும் காரணம் இரண்டுதான். ஒன்று தலையெழுத்து, மற்றொன்று பெற்றவளின் பாவம், அதாவது கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள் என்பது. தலையே இல்லாத பிள்ளைக்குப் பிரம்மா எங்கே எழுதினான் என்று நம் புராணீகர்களில் ஒருவராவது கேட்டதுண்டா?

தலை எப்படி உண்டாகின்றது என்று கேட்டவர்கள் ஈயைப் பிடித்தார்கள். புளித்த மாம்பழத்தை மொய்க்கும் அந்தச் சிற்றீதான். தாய் ஈ முட்டையை உண்டாக்கும்போதே அதன் ஒரு முனையில் பைகாய்டு என்னும் ஜீனின் செய்தியை வைத்துவிடுகின்றது. அதிலிருந்து உண்டாகும் புரதம் அம்முனையில் அதிகமாகவும், போகப் போகக் குறைவாகவும் பரவுகின்றது. அதிகமுள்ள இடம் தலையாகின்றது. தாய்க்கு அந்த ஜீன் இல்லாவிட்டால் தலையும் மார்பும் உண்டாவதில்லை. தலை வர வேண்டிய இடத்தில் வால்முனை முளைக்கின்றது! தகப்பன் ஈ எவ்வளவு நல்லதானாலும் பயனில்லை. விதையே உயர்ந்தது, பெண் வெறும் வயல் என்ற மனுவின் சீடர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்?

1986-ல் ஜெர்மனியில் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளியும், நல்ல முட்டையின் முன்முனைச் சாற்றைத் துளி எடுத்து, தலையற்றுப் போக வேண்டிய முட்டையின் நடுவில் ஊசியால் ஏற்றினார்கள். நடுவிலேயே தலையின் உறுப்புகள் தோன்றின. விதியை ஊசிமுனையில் இடம் மாற்றிய அந்த அம்மையாருக்கு 1995-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு கிடைத்தது.

நிற்க, மனிதனுக்குப் பைகாய்டு கிடையாது. ஆனால் ஈயின் தலைக்கு வேண்டிய வேறொரு ஜீனுக்கு நம்மிடம் ஆட்க்ஸ் என்ற உறவுக்கார ஜீன் உண்டு. 1998-ல் மனித ஜீனை ஈக்குள் வைத்தபோது, ஈயின் தலைக்கோளாறு பெரும்பாலும் சரிப்பட்டது. பிரம்மாவின் முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக் கொள்ளுகிறவர்கள், அந்த முகத்திற்கு ஈயோடுள்ள உறவையும் சேர்த்துச் சொல்லிக் கொள்ளட்டும்.

இனி பெற்றவளின் பாவத்துக்கு வருவோம். பைகாய்டு இல்லாத ஈகூட அக்குறையைத் தன் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும்தான் பெற்றது. மனிதப் பிள்ளைக்கு மண்டை மூடாததற்குக் காரணங்கள் பல. அவற்றில் கிரகணம் இல்லை, ஃபோலிக் அமிலக் குறைவு உண்டு. முன்பு இப்படிப்பட்ட பிள்ளையோ, முதுகுத்தண்டு மூடாத பிள்ளையோ பெற்ற தாய்மார்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1991-ல் வெளிவந்தது. கருவுறுமுன்பே 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில், மறுபடியும் அக்குறை வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்துபோயிற்று. மற்றப் பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும்.

ஆனால் கருவுற்ற 28 நாட்களுக்குள் அக்குழல் மூடியாக வேண்டும். அதற்குள் தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே, கல்யாணமான பெண்ணுக்கு மந்திரித்த தாயத்துக் கட்டுவதற்காகும் பணத்தை வைத்துக் கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமில மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். முன்பு இப்படிப் பெற்றவளானால் அதிக அளவு வேண்டும். அதை டாக்டரிடமே கேளுங்கள். சோசியரிடம் கேட்காதீர்கள்.