எர்ராட்டாவும் சட்டத்துக்குள் வரட்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டப்படி, பாதுகாப்புக் குறை ஒன்று தாக்குதலுக்குப் பயன்படுவது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் உற்பத்தியாளர் முன்னெச்சரிக்கை தர வேண்டும். 2026 செப்டம்பர் 11 முதல் இது கட்டாயம்; பெரும்பாலான மற்ற கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். வணிக நோக்கமின்றிப் பங்களிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இந்த இதழ் சட்டத்தை வரவேற்கிறது.

காரணம் 13ஆம் பிரிவின் 6ஆம் பத்தி. கட்டற்ற கூறு ஒன்றில் பாதுகாப்புக் குறை கண்ட உற்பத்தியாளர் அதைப் பராமரிப்பவரிடம் சொல்ல வேண்டும். தாமே திருத்தியிருந்தால் அந்த நிரலையோ ஆவணத்தையோ பகிரவும் வேண்டும். நிறுவனங்களுக்குள் முடங்கிக் கிடக்கும் பேட்ச்சுகள் இனியாவது மெயின்லைனுக்கு வரட்டும்.

ஆனால் கடமை அதோடு நின்றுவிடுகிறது. சிப்பின் எர்ராட்டாவை, அதாவது அறியப்பட்ட வன்பொருள் குறைகளின் பட்டியலை, வெளியிடச் சொல்லி ஒரு வரி இல்லை.

முன்பு ஒரு நெட்வொர்க் சிப்போடு பதினொரு நாள் மல்லுக்கட்டினேன். சுமை ஏறினால் ‘நோபடி கேர்ட்’ என்று சொல்லி கெர்னல் அந்த இன்டர்ரப்ட்டையே அணைத்துவிடும். ஒரு லட்சத்தில் 99,900-க்கு மேல் ஏற்க ஆளில்லாவிட்டால் அணைப்பதுதான் அதன் வேலை, கெர்னல்மேல் குற்றமில்லை. ஹேண்ட்லரில் டிரேஸ் வைத்துப் பார்த்தால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் பூஜ்யம். இன்டர்ரப்ட் லைன் மட்டும் இறங்கவில்லை. டிஎம்ஏ-வை நிறுத்திய பிறகே ஸ்டேட்டஸைத் துடைக்க வேண்டும் என்று எர்ராட்டாவில் ஒரு வரி இருந்தது. என்டிஏ-வில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமே அந்தத் தாள். பதினொரு நாள் உழைப்பு, உற்பத்தியாளர் ஏற்கெனவே அறிந்த ஒரு வரிக்காக!

கட்டற்ற கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதும் நூவோ குழுவினர், தனியுரிமை டிரைவர் ரெஜிஸ்டர்களில் என்ன எழுதுகிறது என்று பார்க்க எம்எம்ஐஓடிரேஸ் என்ற கருவியையே உருவாக்க வேண்டியிருந்தது. அது 2008-ல் 2.6.27 கெர்னலில் சேர்ந்தது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட சட்டமும் அந்தக் கதவைத் தட்டவில்லை. தொழில்நுட்ப ஆவணங்களைக் குறைந்தது பத்தாண்டு வைத்திருந்து, சந்தைக் கண்காணிப்பு அதிகாரி கேட்டால் காட்டச் சொல்கிறது. இன்டர்ரப்ட்டை இறக்கப்போவது அதிகாரியா? இரவெல்லாம் விழித்து டிரைவரைத் திருத்துபவருக்கு அதே ஆவணத்தில் உரிமை இல்லை என்பது அநீதி. சிப் விற்பனைக்கு வரும் நாளிலேயே எர்ராட்டாவும் வெளிவர வேண்டும் என்று எழுத, சட்டம் இயற்றியவர்களைத் தடுத்தது எது?

உங்கள் டிரைவரிலும் காரணம் தெரியாமல் வைத்த யுடிலே, எம்ஸ்லீப் வரிகள் இருக்கும். சிப்பின் ரிவிஷனையும் அறிகுறியையும் எழுதி, எர்ராட்டா எண்ணை உற்பத்தியாளரிடம் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கமிட் குறிப்பில் பதியுங்கள்.