பூட்டி வைக்காதவனா பொய்யன்?

அமெரிக்க நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேர் மறைந்தது 1968-ல். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2005 டிசம்பரில், அவரைக் கல்லறையிலிருந்து எழுப்பிக் கூண்டில் ஏற்றினார்கள். சாக்கோவும் வான்செட்டியும் குற்றவாளிகள் என்று தெரிந்திருந்தும் ‘பாஸ்டன்’ நாவலில் அவர்களுக்காக வாதாடி உலகை ஏமாற்றினாராம்! இடதுசாரி எழுத்தாளனின் யோக்கியதை இவ்வளவுதான் என்று வலதுசாரிப் பேனாக்கள் குதூகலித்தன.

யார் இந்த இருவர்? 1908-ல் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்கள். ஒருவர் செருப்புத் தொழிலாளி, மற்றவர் மீன் விற்றவர். இருவரும் அராஜகவாதிகள். 1920-ல் மாசசூசெட்ஸில் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்து இருவரைக் கொன்றதாகப் பிடிபட்டார்கள். அந்நியன், அதிலும் ஆட்சியை எதிர்ப்பவன் என்றால் சாட்சியம் எவ்வளவு வேண்டும்? வழக்கை விசாரித்த நீதிபதி தேயர் வெளியில் அவர்களைக் கேவலமாக ஏசியதாகப் பேராசிரியர் ஒருவரே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். ஆனாலும் 1927 ஆகஸ்ட் 23-ல் மின்சார நாற்காலி.

சிங்க்ளேர் மீது காட்டப்பட்ட சான்று ஒரு கடிதம். 1929-ல் தம் வழக்கறிஞர் ஜான் பியர்ட்ஸ்லிக்கு அவர் எழுதியது. ஏலத்தில் பழைய காகிதப் பெட்டி வாங்கிய ஒருவர் கையில் சிக்கியது. டென்வர் நகர விடுதி அறை ஒன்றில், அந்த இருவருக்காக முன்பு வாதாடிய பிரெட் மூர், அவர்கள் குற்றவாளிகளே என்றும், அவர்கள் சம்பவ இடத்தில் இல்லை என்ற சாட்சியங்களைத் தாமே ஜோடித்ததாகவும் சொன்னாராம்.

பயங்கரம்தான். ஆனால் இது புதிய கண்டுபிடிப்பா? இந்த மூர் விவகாரத்தை 1953-லேயே சிங்க்ளேர் கட்டுரையாக எழுதி அச்சிட்டுவிட்டாரே! பாதுகாப்புக் குழுவோடு கடுமையாகச் சண்டையிட்டு 1924-ல் வெளியேறியவர் மூர். அந்த இருவரும் தம்மிடம் ஒருபோதும் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை என்று மூரே சொன்னதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. மனக்கசப்பில் பேசினாரோ என்ற சிங்க்ளேரின் ஐயமும் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஆடுவது என்ன நியாயம்?

துப்பாக்கிச் சோதனைகளில் சில சாக்கோவுக்கு எதிராகவே இருந்தன. அந்தச் சர்ச்சை ஓயவில்லை. அதை மறைத்து நாம் வாதாட வேண்டியதில்லை. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பதே வழக்கின் சாரம். 1977-ல் அந்த மாநில கவர்னர் டுகாகிஸ் வெளியிட்ட பிரகடனமும் அதைத்தான் சொன்னது.

சிங்க்ளேர் தம் காகிதங்களை என்ன செய்தார்? உயிரோடு இருக்கும்போதே மூட்டை மூட்டையாக இண்டியானா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். (இனாமாக அல்ல, விலைக்குத்தான்.) புளூமிங்டனில் உள்ள லில்லி நூலகத்தில் அவை இருக்கின்றன. அங்கே ஐன்ஸ்டீனும் ஷாவும் எழுதிய கடிதங்கள் மட்டுமா இருக்கின்றன? நண்பர் ராபர்ட் மைனருக்கு அவரே எழுதிய ஒரு கடிதமும் இருக்கிறது. தாம் நம்புவதைச் சொன்னால் இயக்கத் துரோகி என்பார்கள் என்று மனைவி அஞ்சுவதாக அதில் எழுதுகிறார். தம் வாசகரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெளிநாட்டார், அவர்கள் எதிர்பார்ப்பது அந்த இருவருக்கான வாதத்தைத்தான் என்றும் எழுதுகிறார். படிக்க நமக்கே கூசுகிறது. விற்பனைக் கணக்குப் போட்டுக் கொள்கையை எடைபோட்ட இடம் அது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கடிதத்தை எதிரி துப்பறிந்து எடுத்துவரவில்லை. சிங்க்ளேரின் காகிதங்களோடு நூலகத்தில்தான் கிடந்தது. கிழித்தெறிய அவருக்கு எத்தனை ஆண்டுகள் அவகாசம் இருந்தது! நம் தோழர்களிலும் சிலர், “கொளுத்தியிருக்கலாமே, எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டாரே” என்று அங்கலாய்க்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: 1953-ல் அவர் மனமறிந்து அச்சிட்ட கட்டுரையையும் சேர்த்துக் கொளுத்தச் சொல்வீர்களா?