குடிக்காதவன் ஆண்பிள்ளையா?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் தெல்தெனியவுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றுக்கு, மரண வீடு ஒன்றின் நிமித்தம் அண்மையில் சென்றிருந்தேன். லயத்தின் பின்புறத்தில் சாராயப் போத்தல் கைமாறிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டாமென்றேன். "குடிக்காதவன் ஆம்பளையாங்க ஐயா?" என்று சிரித்தார் ஓர் இளைஞர்.

அதே லயத்தில், மணமாகி ஒன்பது ஆண்டுகளாகியும் பிள்ளைப்பேறு இல்லாத பெண்ணொருத்தி வாழ்கிறாள். ஊர் அவளுக்குச் சூட்டியிருக்கும் பெயர் 'மலடி'. நேர்த்திகள் வைத்தாள், கிளினிக்குகளுக்கு அலைந்தாள். நாள் தவறாமல் குடிக்கும் அவள் கணவரை எவரும் ஒரு பரிசோதனைக்கேனும் அனுப்பியதில்லை. குறை அவரிடந்தான் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. பரிசோதிக்காமல் அவள்மீது மட்டும் தீர்ப்புக் கூறியது எந்த நியாயம் என்றே கேட்கிறேன்.

அந்த இளைஞரின் கேள்விக்கு மருத்துவம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. ஆணை ஆணாக்கும் ஹோர்மோன் டெஸ்டோஸ்டிரோன். விதைகளிலுள்ள லெய்டிக் கலங்களே அதைச் சுரக்கின்றன; மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அதற்கான கட்டளையை அனுப்புகிறது. நெடுங்காலப் பெருங்குடி இவ்விரண்டு இடங்களையும் தாக்குகிறது. கட்டளை தளர்கிறது, சுரக்கும் கலங்களும் நஞ்சேறி நலிகின்றன. ஈரலும் பழுதுபட்டால், எஞ்சிய ஆண் ஹோர்மோனில் அதிக பங்கு பெண்பால் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. விளைவு: விதைகள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் குறைகின்றன, உடல் மயிர் உதிர்கிறது, மார்பு பருக்கிறது. 1976 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான ஆண்களுக்கு நான்கு வாரங்கள் வரை மது கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குள்ளாகவே டெஸ்டோஸ்டிரோன் வீழ்ந்தது.

ஆண்மையை நிரூபிக்கவென்று அருந்தும் பானமே ஆண்மையின் ஊற்றை அடைக்கிறது. ஆயினும், குடி ஆணின் உரிமை என்ற எண்ணத்தை அரசும் வளர்த்தே வந்திருக்கிறது. பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலை, 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை மீளப்பெறச் செய்தார். பெண்களும் குடிக்கட்டும் என்று நான் வாதிடவில்லை. பெண் குடித்தால் பண்பாடு அழியும் என்று பதறியவர்கள், ஆண் குடித்து அழிவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? திறைசேரிக்கு வரி வந்தால் போதும்!

எங்கள் பத்திரிகைத் தொழிலும் குற்றமற்றதல்ல. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரங்களைத் தடுத்தது. ஆனால் 'ஆண்மைக் குறைவா?' என்று கேட்கும் லேகிய விளம்பரங்களை நாங்கள் அச்சிட்டுக்கொண்டே இருந்தோம். "முதலில் போத்தலைக் கீழே வையுங்கள்" என்று அதனருகில் ஒரு வரி எழுத எனக்கும் அன்று தோன்றவில்லை. வெட்கத்துடன் இதை ஒப்புக்கொள்கிறேன்.

மலைச்சரிவில் நாள் முழுதும் உழைத்த உடம்பு வலிக்காகக் குடிக்கிறது என்பார்கள். அதே சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண்ணுக்கு உடம்பு வலிக்காதா? அவள் வீடு திரும்பிச் சமைக்கிறாள், ஏச்சும் கேட்கிறாள்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. ஈரல் முற்றாகக் கெடுவதற்கு முன்னர் குடியை நிறுத்தினால், பலருக்கு இந்த ஹோர்மோன் மீண்டும் உயர்கிறது. புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்களே ஆகும். நீண்டகாலமாக நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம் என்பதால் வைத்தியரின் துணையோடு நிறுத்த வேண்டும். பிள்ளையில்லாத தம்பதியரில் கணவரையும் முதல் நாளிலேயே பரிசோதிக்க வேண்டும். அது மனைவிக்குச் செய்யும் பரிசோதனைகளைவிட எளிது.

அன்று அந்த இளைஞருக்கு நான் பதில் சொல்லவில்லை. மரண வீடு என்று மௌனமாக இருந்துவிட்டேன். இறந்தவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஈரல் கெட்டு இறந்தார்.