சம்பளம் முதல்லயா, தவணை முதல்லயா?

பெங்களூர், புனே, ஐதராபாத்னு பொட்டி தட்டப் போன நம்ம மக்கள் பல பேருக்கு சம்பளமும் வீட்டுக்கடன் தவணையும் ஒரே நாள்ல வரும். கணக்குல இருக்கிறது 1,000 ரூபாய்னு வச்சுக்குங்க. சம்பளம் 60,000, தவணை 20,000. சம்பளம் முதல்ல ஏறினா மீதி 41,000. தவணை முதல்ல வந்தா பவுன்ஸ், அபராதம், சிபில் ஸ்கோருக்கும் ஆபத்து. அதே ரெண்டு பரிவர்த்தனை, வரிசை மட்டும்தான் வேற!

இதைவிடக் கொடுமை, ஸ்டேட்மென்ட்ல சம்பளம் மேல் வரியில இருந்தும் தவணை பவுன்ஸ் ஆகலாம். சம்பளம் 9:00:01-க்கு ஆரம்பிச்சு 9:00:04-க்கு கமிட் ஆகுது. நடுவுல 9:00:02-க்கு வர்ற தவணை, பூட்டு எதுவும் கேக்காம மீதியைப் படிச்சா அதுக்குத் தெரியறது பழைய 1,000 தான். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ரெண்டுலயும் டீஃபால்ட் 'ரீட் கமிட்டட்' தானே! போஸ்ட்கிரெஸ்ல 'நவ்' ஃபங்ஷன் தர்றதும் பரிவர்த்தனை ஆரம்பிச்ச நேரம், கமிட் ஆன நேரம் இல்லை.

"அதான் டைம்ஸ்டாம்ப் இருக்கே, சார்ட் பண்ணிக்கலாம்"னு சொல்ற டேமேஜர்களே, வெவ்வேற கணினிகளோட கடிகாரத்தை நம்பி எது முதல்னு தீர்மானிக்க முடியாதுன்னு லெஸ்லி லாம்போர்ட் 1978-லயே எழுதிட்டாரு.

"சீரியலைசபிள் போட்டா முடிஞ்சுது"ங்கிறது இன்னொரு கோஷ்டி. அது உறுதி தர்றது *ஏதோ ஒரு* வரிசைக்குத்தான். தவணை முதல், சம்பளம் பின்னாடின்னாலும் அதுக்கு சம்மதம்தான். எது நியாயமான வரிசைன்னு டேட்டாபேஸுக்குத் தெரியாது. அதை மனுசன்தான் சொல்லணும்.

மனுசன் எப்படியெல்லாம் சொல்லுவான்னு அமெரிக்காவுல பார்த்தாச்சு. வெல்ஸ் ஃபார்கோ வங்கி, பெரிய தொகையை முதல்ல கழிச்சு கணக்கைக் காலி பண்ணி, பின்னாடி வர்ற சின்னச் சின்ன செலவுக்கெல்லாம் தனித்தனியா அபராதம் போட்டுச்சு. 2010-ல் நீதிபதி வில்லியம் ஆல்சப், கலிஃபோர்னியா வாடிக்கையாளர்களுக்கு சுமார் 20.3 கோடி டாலர் திருப்பிக் கொடுக்கச் சொன்னாரு. வெறும் சார்ட் ஆர்டர்தான் சாமி!

அதனால, அன்னைக்கு வர்ற வரவெல்லாம் முதல்ல, பற்றெல்லாம் அப்புறம்னு விதியை எழுதுங்க, வாடிக்கையாளருக்கும் சொல்லுங்க. கணக்கைப் பூட்டிட்டு மீதியைப் படிங்க. பூட்டு கையில இருக்கும்போதே வரிசை எண் கொடுங்க. நாள் முடியறதுக்குள்ள அபராதம் போடாதீங்க.

"ஸ்லோ ஆயிடும்"பாங்க. பூட்டப் போறது அந்த ஒரு கணக்கை மட்டும்தான். மில்லிசெகண்டை மிச்சம் பிடிக்கிற அக்கறையில பாதியாவது அடுத்தவன் காசு மேலயும் இருக்கட்டுமே.