முதல்ல கிளிப்... அப்புறம்தான் பெட்ரோல்!

பிளாஸ்டிக் சேர்ல அரை மணி நேரம் அரட்டை அடிச்சுட்டு எழுந்து, கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'சுருக்'குன்னு ஒரு ஷாக் அடிச்சிருக்கா? சிரிச்சுட்டுப் போயிருப்பீங்க. அதே 'சுருக்' ஒரு குட்டி விமானத்தோட பெட்ரோல் டேங்க் வாயில நடந்தா? இந்த வாரம் அந்த மேட்டர்தான்.

அமெரிக்காவின் சின்னச் சின்ன ஏர்போர்ட்களில், சொந்த விமானம் வெச்சிருக்கிறவங்க தாங்களே பம்ப்பை எடுத்து நிரப்பிக்கிறாங்க. செல்ஃப் சர்வீஸ்! கார்டைத் தேய்ச்சு, ஹோஸை இழுக்க வேண்டியதுதான். அங்கே அடிக்கடி கண்ணில் படுறது செஸ்னா 172. 1950-களில் ஆரம்பிச்சு இதுவரை 44,000-க்கும் மேல தயாரிச்சிருக்காங்க. இதுக்கு இறக்கை தலைக்கு மேல, டேங்க் அந்த இறக்கைக்குள்ள. ஆக, ஏணியில ஏறி, மூடியைத் திறந்து, ஓட்டைக்குப் பக்கத்துல முகத்தை வெச்சுக்கிட்டுத்தான் நிரப்பணும். தீ பிடிச்சா முதல்ல யார் மேல பிடிக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ஊத்துறது 'அவ்காஸ் 100 எல்.எல்.'. நீலக் கலர் சேர்த்த ஏவியேஷன் பெட்ரோல். சரி, இதுல கரன்ட் எங்கிருந்து வந்துச்சு? பெட்ரோல் ஓடுறதே போதும் பாஸ்! ஹோஸ் வழியா, முக்கியமா ஃபில்டரோட நுண்ணிய துளைகள் வழியா உரசிக்கிட்டுப் போகும்போது சார்ஜ் பிரியுது. ஒரு வகை சார்ஜ் பெட்ரோலோட டேங்குக்குள்ள போகும், எதிர் வகை பம்ப் பக்கம் தங்கிடும். பெட்ரோல் கரன்ட்டை லேசுல கடத்தாது. அதனால உள்ளே போன சார்ஜ் சட்டுன்னு கரையாது. காத்து வறண்டு கிடந்தா இன்னும் மோசம்.

இப்ப ஒரு குட்டிக் கணக்கு. ப்ளஸ் டூ ஃபார்முலாதான், பயப்படாதீங்க. அரை சி வி ஸ்கொயர். மனுஷ உடம்பை ஒரு கெப்பாசிட்டர்னு வெச்சுக்கிட்டா சுமார் 150 பிகோஃபாரட். 3,000 வோல்ட் ஏறியிருந்தா (நமக்கு லேசா ஷாக் தெரியுறதே ஏறக்குறைய அப்பதான்) கிடைக்கிறது 0.67 மில்லி ஜூல். ஜுஜுபி எனர்ஜி! ஆனா காத்தோட சரியான அளவுல கலந்த பெட்ரோல் ஆவி பத்திக்க 0.25 மில்லி ஜூல் இருந்தாலே போதும். அதாவது நமக்கு உறைக்காத ஸ்பார்க் கூட அதுக்கு உறைக்கும்!

அதனாலதான் பம்ப் பக்கத்துல ஒரு சுருள் ஒயரும் அதன் நுனியில கிளிப்பும் வெச்சிருக்காங்க. எல்லாரும் இதை 'கிரவுண்டிங்'னு சொல்றாங்க. ஆனா உண்மையில காப்பாத்துறது 'பாண்டிங்'. எர்த்திங்னா பூமியோட இணைக்கிறது. பாண்டிங்னா விமானம், பம்ப், நாஸில் மூணையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சு ஒரே வோல்டேஜுக்குக் கொண்டு வர்றது. வித்தியாசமே இல்லைன்னா ஸ்பார்க் எங்கிருந்து எங்கே தாவும்? விமானத்தை மட்டும் எர்த் பண்ணிட்டு, நாஸிலை அம்போன்னு விட்டா, அது ரெண்டுக்கும் நடுவுல ஸ்பார்க் தாராளமா வரலாம். அமெரிக்காவின் விமான எரிபொருள் பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 407 வற்புறுத்துறதும் பாண்டிங்கைத்தான்.

கிளிப்பை எங்கே மாட்டணும்? பெயின்ட் மேல மாட்டினா வேஸ்ட், பெயின்ட் ஒரு இன்சுலேட்டர். பெயின்ட் இல்லாத உலோகம் வேணும். ஆன்டெனாவுல கை வைக்காதீங்க, உடைஞ்சிடும். மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கிளிப் ஏறியிருக்கணும். அப்புறம் நாஸிலால டேங்க் வாயின் உலோக விளிம்பைத் தொட்டு, நிரப்பி முடிக்கிற வரைக்கும் அந்த டச் விடக் கூடாது. முடிச்சதும் முதல்ல மூடி, கடைசியிலதான் கிளிப் கழட்டணும். நடுவுல ஆவி வந்துக்கிட்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கினா, ஸ்பார்க்கை நாமளே வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி.

பிளாஸ்டிக் கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து ஊத்துறவங்களும் உண்டு. காசு மிச்சம்தான், ஆனா பிளாஸ்டிக்கை பாண்டிங் பண்ண வழியே இல்லை. அதுல பிளாஸ்டிக் புனல் வேற வெச்சா... வேணாம் மக்கா! உலோகக் கேன், உலோகப் புனல், ரெண்டுக்கும் ஒயர், அதுதான் சரி.

நம்ம ஊர் பங்க்ல டேங்கர் லாரி சரக்கு இறக்கும்போது நின்னு கவனிங்க. (தள்ளி நின்னு!) அங்கேயும் ஒரு எர்த் ஒயரை முதல்ல மாட்டுவாங்க. சேம் ஃபிசிக்ஸ்.

ஒரே ஒரு சிக்கல் என்னன்னா, ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்தா வெளியில தெரியாது. கிளிப் கம்பீரமா கவ்வியிருக்கும், கனெக்ஷன் ஜீரோ. இதுக்குத்தான் நம்ம லேப் மல்டிமீட்டர். உலோகத்துக்கு உலோகம் பாண்டிங் சரியா இருந்தா 10 ஓமுக்குள்ள காட்டணும். அதைத் தாண்டினா எங்கேயோ துருவோ, லூஸோ, அறுந்த இழையோ இருக்குன்னு அர்த்தம். ஒயரை மாத்திட்டு அப்புறம் ஏணியில ஏறலாம்.