எல்.எல்.ஆர். பரீட்சைக்கு இப்பவே படிப்போம்!



தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பீங்க. "எல்.எல்.ஆர். எடுக்க 18 வயசு ஆகணும். ஒன்பதாவது படிக்கிற உனக்கு எதுக்கு?" என்று கேட்பீங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அது என்ன பரீட்சை என்று பார்ப்போம். வண்டி ஓட்டப் பழகுவதற்குப் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும். அதுதான் எல்.எல்.ஆர். அதற்கு முன்னால் கேள்வி கேட்பார்கள். தமிழிலேயே பதில் சொல்லலாம். சாலைச் சின்னங்கள், சாலை விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியது, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, கையில் வைத்திருக்க வேண்டிய சான்றுகள், இவ்வளவுதான் பாடம். நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ். பாஸானதும் கிடைக்கும் எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் பழகிய பிறகுதான் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க முடியும்.

இனி வயசு விஷயம். 16 வயசு ஆனால் எக்ஸெல் வண்டி ஓட்டலாம் என்று நம்ம ஊரில் நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது தப்பு. 16 வயசுக்காரர்கள் பெற்றோர் சம்மதத்தோடு ஓட்டலாம் என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது, கியர் இல்லாத 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும்தான். இப்போது தெருவில் ஓடும் எக்ஸெல் 100 வண்டி 99.7 சி.சி. அப்படியென்றால் அதற்கும் 18 வயசு ஆகணும். ஆனால் நம்ம பள்ளி மாணவர்கள் சிலர் அதில் மூணு பேர் உட்கார்ந்து வர்றாங்க. அண்ணன்களே, கோபப்படாதீங்க! 2019-ல் திருத்திய சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 18 வயசு ஆகாதவர் வண்டி ஓட்டி மாட்டினால், வண்டி கொடுத்த அப்பாவுக்கு 3 வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. கூலி வேலைக்குப் போகிற அப்பா 25,000 ரூபாய்க்கு எங்கே போவார்? இதைப் படித்திருந்தால் சாவியை எடுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்போம் அல்லவா?

"சரி, நான் வண்டியே தொடவில்லை, எனக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். ரோட்டில் நடக்கிறோமே, சைக்கிளில் வர்றோமே! நடைபாதை இல்லாத ரோட்டில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும்? பாதிப் பேர் இடது பக்கம் என்பீங்க. வலது பக்கம்தான் சரி. அப்போதுதான் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வரும் லாரியை யாரால் பார்க்க முடியும்? இதுவும் எல்.எல்.ஆர். பாடத்தில் உள்ளதுதான்.

சின்னங்களும் அப்படித்தான். வட்டமாக இருந்தால் உத்தரவு. முக்கோணமாக இருந்தால் எச்சரிக்கை. நீலச் செவ்வகமாக இருந்தால் தகவல். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்தப் பரீட்சைக்குத் தயாராவதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. யாரும் புரிந்து படிப்பதில்லை. எங்க அம்மா எட்டாவது வரை படித்தவங்க. எங்க ஆயாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாசாமாசம் ரெண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையம் போறாங்க. போன வருஷம் எல்.எல்.ஆர். எடுக்கலாம் என்று விசாரித்தபோது, "படிக்கவே வேண்டாம்மா, பணம் கட்டுங்க, பதிலை நாங்க சொல்லிடுறோம்" என்று ஒருத்தர் சொன்னார். அம்மா மறுத்துவிட்டாங்க. "பதிலை நீங்க சொல்லிடுவீங்க, ரோட்டுல லாரி வந்தா யாரு சொல்லுவா?" என்று கேட்டாங்க. தினமும் ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு நான் கேள்வி கேட்பேன், அம்மா பதில் சொல்வாங்க. பாஸும் ஆனாங்க.

புரிந்து படிக்க நம்மிடம் வசதி இருக்கிறது. நம்ம அறிவியல் பாடத்தில் இயக்கச் சமன்பாடு படிக்கிறோமே, அதை வைத்துக் கணக்குப் போடுங்க. மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். ஆடு குறுக்கே வந்ததைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி 10 மீட்டர் போயிடும். பிரேக் பிடித்த பிறகும் உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகும். இதைப் புரிந்தவருக்கு 'பள்ளிக்கூடம் அருகில், மெதுவாகச் செல்' என்ற பலகை ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"படிச்சவன் எல்லாம் ஒழுங்கா ஓட்டுறானா?" என்று சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஹெல்மெட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று தெரிந்தும் பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு போறாங்க. தெரிந்தால் மட்டும் போதாது, உண்மைதான். ஆனால் 18 வயசில் ஒரே நாளில் மனப்பாடம் செய்தது மறந்துபோகும். 14 வயசில் தினமும் பழகியது மறக்குமா? வாய்ப்பாடு மறக்கிறதா?

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ளைக்கு வண்டி எதுக்கு?" என்று வீட்டில் சொன்னால் மனசு விட்டுடாதீங்க. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும், மேல்படிப்புக்கும், வேலைக்கும் யாராவது கொண்டுபோய் விடணும் என்று எத்தனை நாள் காத்திருப்பது? 18 வயசில் வண்டி கிடைக்குமோ கிடைக்காதோ, அறிவு நம்மிடம் தயாராக இருக்கட்டும்.

நான் கேட்பது மூன்றுதான். காலை வழிபாட்டில் குறள் சொல்வது போல தினம் ஒரு சாலைச் சின்னம் சொல்ல ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். மாணவர்கள் யாரும் வண்டி ஓட்டிப் பள்ளிக்கு வரக்கூடாது. நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் ஓர் அம்மாவுக்கோ அக்காவுக்கோ எல்.எல்.ஆர். பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

விதியை அறிவோம்! உயிரைக் காப்போம்!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி